காலை ஒன்பது மணி இருட்டு

விழுப்புரம்,
17.4.1983

அன்புள்ள பாலன் அண்ணாவுக்கு,

தங்கை ஜெயமதி எழுதுவது. இங்கே நான், அவர், பிள்ளைகள் எல்லோரும் சுகம். அப்பாவும் அம்மாவும் என் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார்கள். அப்பாவுக்கு வெயிலில் கொஞ்சம் தலை சுற்றல், அவ்வளவுதான். அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

விஷயம் ஒன்று. என் கொழுந்தனார் மஸ்கட்டிலிருந்து வந்தபோது ஒரு கேமரா கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளங்கையில் அடங்குகிறது. தூரம் பார்க்க வேண்டாம், வெளிச்சம் அளக்க வேண்டாம், ப்ளாஷும் அதற்குள்ளேயே இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் தீர்ந்தது வேலை. கடைத்தெருவில் கறுப்பு வெள்ளை ரோல் ஒன்று வாங்கிப் போட்டு ஒரே வாரத்தில் முப்பத்தாறும் எடுத்துவிட்டேன். ஐந்தாம் வகுப்பு டீச்சருக்கு ஒரு வாரத்தில் வந்துவிட்ட வித்தைக்கு நீ ஏன் கறுப்புத் துணி, ஸ்டாண்டு, ஸ்டூல் என்று இருபத்தைந்து வருஷமாக அல்லாடிக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குப் புரியவே இல்லை.

ரோலை இத்துடன் அனுப்புகிறேன். கழுவி, பிரதி போட்டு, நன்றாக வந்திருக்கிறது என்று இரண்டு வரி எழுது. கை வலித்தால் ஒரு வரி போதும்.

இப்படிக்கு உன் அன்புத் தங்கை,
ஜெயமதி


அருகன் துணை

திண்டிவனம்,
25.4.1983

தங்கை ஜெயமதிக்கு ஆசீர்வாதம்.

இங்கு நலம். அண்ணியின் முழங்கால் மட்டும் நலமில்லை. அப்பாவை வெயிலில் அலைய விடாதே.

ரோலைக் கழுவினேன். முப்பத்தாறில் ஒன்பதில் உன் விரல் விழுந்திருக்கிறது. விரலைப் படம் எடுக்க மஸ்கட்டிலிருந்து கேமரா வரவேண்டுமா? ஆறில் ஆட்களுக்குத் தலை இல்லை. நாலில் தலை மட்டும் இருக்கிறது. பாக்கியில் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். ஒன்றில் தரை. வெறும் சிமெண்டுத் தரை. அதை எதற்கு எடுத்தாய் என்று அரை நாள் யோசித்தேன்.

உன் டப்பா படம் எடுக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் தெரு மாடு அதை முட்டினாலும் அது படம் எடுக்கும். அதற்காக மாட்டை யாரும் போட்டோகிராபர் என்று கூப்பிட மாட்டார்கள். பேனா மலிந்து எத்தனை வருஷம் ஆயிற்று? வீட்டுக்கு நாலு பேனா இருக்கிறது. ஒழுங்காக ஒரு கடிதம் எழுதத் தெரிந்தவன் தெருவுக்கு ஒருவன் உண்டா? கேமராவும் நாளைக்கு அப்படித்தான் மலியும். அப்போது நாடெல்லாம் தலையில்லாத படமாக இருக்கும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஜூன் ஒன்பதாம் தேதி நம் அக்கா மகள் பத்மாவின் கல்யாணத்தை நான் எடுக்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் வந்தவாசிப் பக்கம் பெரிய இடம். அங்கே அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து என் மானத்தை வாங்காதே.

ஆசிகளுடன்,
ஸ்ரீபாலன்


விழுப்புரம்,
6.5.1983

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கும் குறை இல்லை என்பது கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

பேனா மலிந்ததால்தான் நானே உனக்கு எழுதுகிறேன். இல்லையென்றால் தபாலாபீஸ் வாசலில் எழுதித் தருகிறவரிடம் போயிருப்பேன். அவர் உனக்கு இல்லாத மரியாதையெல்லாம் சேர்த்து எழுதிக் கொடுத்திருப்பார்.

உன் ஸ்டுடியோ படங்களைப் பற்றி நானும் சொல்லட்டுமா? போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி நிற்கிறார்கள். "மோவாய தூக்கு, மூச்ச புடி, ஆடாத" என்று நீ அதட்டுகிற அதட்டலில் இருக்கிற உயிரும் போய்விடுகிறது. அப்புறம் நெகடிவ்மேல் பென்சிலை வைத்துத் தழும்பை எடுக்கிறாய், மருவை எடுக்கிறாய், எல்லா மூக்கையும் ஒரே மூக்காக்கிவிடுகிறாய். திண்டிவனத்தில் பாதிப் பேர் உன் படத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறார்கள்.

சரி, ஊரையே எடுத்த நீ அப்பாவை எடுத்திருக்கிறாயா? பிலிமில் பூசுவது மாட்டெலும்புப் பசை என்று யாரோ சொன்ன நாளிலிருந்து, ஜைனனுக்கு ஆகாது என்று அவர் போட்டோ என்றால் துண்டால் முகத்தை மூடிக்கொள்கிறார். உன் வீட்டுப் பின்கட்டில் பிலிம் கழுவுகிறாய் என்பதற்காகவே, மகன் இருக்க மகள் வீட்டில் வந்து இருக்கிறார். ஊர் கேட்கிறது, நான்தான் பதில் சொல்கிறேன். அவருக்கு எழுபத்தெட்டு ஆகிறது. ஒருநாள் கண்ணை மூடினால் அந்த முகம் ஒரு துண்டுக் காகிதத்தில்கூட மிஞ்சாது. எனக்கு அந்த ஒரு படம் வேண்டும், அண்ணா. அம்மாவுக்கும் வேண்டும், வாய்விட்டுக் கேட்கமாட்டாள். கேட்டு எடுக்க முடியாது, திருடித்தான் எடுக்க வேண்டும். அதற்கு உன் ஸ்டாண்டும் கறுப்புத் துணியும் ஆகாது.

கேமராவைக் கல்யாணத்துக்குக் கொண்டுவருவேன்.

தங்கை,
ஜெயமதி


அருகன் துணை

திண்டிவனம்,
14.6.1983

ஜெயமதிக்கு ஆசீர்வாதம்.

கல்யாணக் களைப்பு தீர்ந்திருக்கும். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா என்று எழுது.

நீ சொன்னபடியே செய்தாய். ஓமத்துக்குப் பக்கத்தில் பெண்களோடு உட்கார்ந்துகொண்டு என் ப்ளாஷுக்கு நடுவே நீ ஒரு மின்மினி. அதுவும் குனிந்து, நிமிர்ந்து, தூணைச் சுற்றி வந்து. மாப்பிள்ளையின் மாமா என்னிடம் வந்து, "அந்தம்மா யாருங்க, பேப்பர்ல இருந்து வந்துகீறாங்களா?" என்று கேட்டார். எனக்குத் தங்கை என்று சொல்லப் பிடிக்கவில்லை. தெரியாது என்றேன்.

தாலி கட்டுகிற நேரத்தில் நான் மாப்பிள்ளையை, "அப்படியே நில்லுங்க" என்று நிறுத்தினதற்கு நீ சிரித்தாயாம், பத்மா சொன்னாள். நிறுத்தாமல் எடுத்தால் கை கலங்கும். இதெல்லாம் பொத்தானுக்குத் தெரியாது.

நாலு ரோல் எடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கழுவுகிறேன். ஆல்பம் வந்ததும் ஒரு தடவை உட்கார்ந்து பொறுமையாகப் பார். போட்டோ என்றால் என்னவென்று தெரியும். உன் ரோலை எனக்கு அனுப்பாதே. விழுப்புரத்தில் வேறு எவனிடமாவது கொடுத்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளச் சொல்.

ஸ்ரீபாலன்


அருகன் துணை

திண்டிவனம்,
21.6.1983

அன்பு மிகுந்த தங்கை ஜெயமதிக்கு அநேக ஆசீர்வாதம்.

உன் சுகம், மச்சான் சுகம், பிள்ளைகளின் படிப்பு, அம்மாவின் கால், அப்பாவின் தலை சுற்றல் எல்லாவற்றுக்கும் உடனே எழுது.

போன கடிதத்தில் ஏதோ கோபத்தில் எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. உன் ரோல்களை யாரிடமும் கொடுக்க வேண்டாம். கண்ட இடத்தில் கொடுத்தால் பழைய மருந்தில் முக்கி நாசமாக்கிவிடுவார்கள். நானே கழுவிப் பிரதி போட்டுத் தருகிறேன். நீ எடுத்தது இரண்டு ரோலா, மூன்றா? முகூர்த்த நேரத்தில் எடுத்தாயா? தபாலில் அனுப்பாதே, மழையில் நனைந்துவிடும். மச்சானிடம் ஜல்தி கொடுத்தனுப்பு.

அன்புடன்,
அண்ணன் பாலன்


விழுப்புரம்,
24.6.1983

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்து, கையெழுத்து உன்னுடையதுதானா என்று அவரிடமும் காட்டினேன். அநேக ஆசீர்வாதமாம். அண்ணி ஏதாவது திட்டினாளா? வெயிலே தாங்க முடியவில்லை, உனக்கு மட்டும் எந்த ஊர் மழை?

இரண்டு ரோல். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஆரம்பம் முதல் முடிவு வரை எடுத்திருக்கிறேன், முகூர்த்தமும் இருக்கிறது. விரல் விழாமல் பிடிக்க இப்போது கற்றுக்கொண்டேன்.

இரண்டாவது ரோலில் ஒன்றை மட்டும் கண்ணும் கருத்துமாகப் பார். பத்மா கழுத்தில் தாலி ஏறுகிற நேரம். அப்பா உன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டு தோளில்தான் இருந்தது, முகம் முழுசாகத் தெரிந்தது. என் கையில் இருந்ததைச் சோப்புப் பெட்டி என்று நினைத்துவிட்டார் போல. அவர் சிரித்தார், அண்ணா. நான் அழுத்திவிட்டேன். விழுந்ததா இல்லையா என்று தெரியாமல் இந்தப் பதினைந்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

விழுந்திருந்தால் பெரிதாக ஒன்று போட்டுக் கொடு. உன்னை அதற்குப் பிறகு எதற்கும் கிண்டல் பண்ணமாட்டேன்.

தங்கை,
ஜெயமதி


விழுப்புரம்,
30.7.1983

அண்ணாவுக்கு,

அனைவரும் சுகம். ரோல் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அவர் இரண்டு தடவை திண்டிவனம் வந்து உன்னைப் பார்க்க முடியாமல் திரும்பினார். முதல் தடவை நீ டார்க் ரூமில் இருந்தாயாம். இரண்டாவது தடவையும் டார்க் ரூமில் இருந்தாயாம். அப்பா படம் விழுந்ததா? ஒரு கார்டு போடு.

ஜெயமதி


அருகன் துணை

திண்டிவனம்,
12.8.1983

ஜெயமதிக்கு ஆசீர்வாதம்.

நலம். வேலை அதிகம்.

உன் ரோல்களைக் கழுவினேன். எதிர்பார்த்ததுதான். ஒன்றில் வெளிச்சம் புகுந்து பாதி போய்விட்டது. மற்றதில் ஏழு எட்டு தேறியது, பிரதி போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பந்தியில் சாப்பிடுகிறவர்கள், செருப்பு விடுகிற இடம், தூங்குகிற குழந்தை. கல்யாணத்தில் எடுக்க வேண்டியதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எடுத்திருக்கிறாய். அப்பா படம் விழவில்லை. அந்த நேரத்தில் கை ஆடியிருக்கிறது. வருத்தப்படாதே, உன்மேல் தப்பில்லை. சுலபமாகக் கையில் கிடைத்த சாமானை வைத்துக்கொண்டு சுலபமாக எல்லாம் வந்துவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு இப்படித்தான் ஆகும்.

மாப்பிள்ளை வீட்டாருக்கும் அக்காவுக்கும் ஆல்பம் கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளையின் மாமா பார்த்துவிட்டு, "உயிர் இருக்குதுங்க, மெட்ராஸ்காரன்கூட இப்பிடி எடுக்க மாட்டான்" என்றார். அவர் விஷயம் தெரிந்தவர்.

நெகடிவ்கள் உதவாது என்று தூக்கிப் போட்டுவிட்டேன்.

ஸ்ரீபாலன்


விழுப்புரம்,
25.9.1983

அண்ணாவுக்கு,

ஜெயமதி எழுதுவது. அப்பா போய் இன்றைக்குப் பத்தொன்பது நாள். நீ வந்தாய், செய்யவேண்டியதையெல்லாம் மகனாகச் செய்தாய், அதில் குறை சொல்லமாட்டேன். போகும்போது ஞாபகத்துக்கு என்று அப்பாவின் மூக்குக் கண்ணாடியைக் கேட்டு எடுத்துக்கொண்டு போனாய். அம்மாவுக்கு எடுத்துக்கொள்ள அதுகூட இல்லை. அவள் சாயங்காலமானால் அவர் உட்காருகிற நாற்காலியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நேற்று என்னைக் கூப்பிட்டு, "ஏண்டி, அந்தப் பொட்டியில நீ ஏதோ அமுக்கினியே, அவரு மொகம் ஒண்ணுகூட உழலயா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு அடுப்படியில் போய் அழுதேன்.

துக்கத்துக்கு அக்கா ஆல்பத்தைக் கொண்டுவந்திருந்தாள். அப்பாவின் முகம் அதில் எங்கேயாவது ஓரத்திலாவது இருக்குமோ என்று தேடத்தான் திறந்தேன். இருபத்துநாலு படம். எட்டு, மறுவீட்டுக்கு வந்தபோது நீ ஸ்டுடியோவில் நிறுத்தி வைத்து எடுத்தது. பாக்கிப் பதினாறும் நான் எடுத்தது.

இல்லை என்று மட்டும் சொல்லாதே. நான் உட்கார்ந்த இடம் ஓமத்துக்கு இந்தப் பக்கம், நீ நின்றது அந்தப் பக்கம். படம் எல்லாம் இந்தப் பக்கத்திலிருந்து இருக்கிறது. ஒன்றில் பத்மா நேராகப் பார்த்து நாக்கைக் கடித்துச் சிரிக்கிறாள். அப்போது அவள், "சித்தி, போதும் சித்தி" என்று சொன்னாள். உன்னையா சித்தி என்று கூப்பிட்டாள்? எல்லாவற்றுக்கும் பின்னால் பாலன் ஸ்டுடியோ, திண்டிவனம் என்று ரப்பர் ஸ்டாம்பு குத்தியிருக்கிறாய். உயிர் இருக்குது என்று அந்த மாமா சொன்னாராமே, அவர் விஷயம் தெரிந்தவர்தான்.

அதையெல்லாம் நீயே வைத்துக்கொள். பெருமை உனக்குத்தான் அவசரம், எனக்கு இல்லை. எனக்குத் தாலி கட்டுகிற படம் மட்டும் வேண்டும். முகூர்த்தம் காலை ஒன்பது மணி. மண்டபத்துக்கு எட்டு ஜன்னல். ஆல்பத்தில் மாப்பிள்ளைக்கு இந்தப் பக்கம் பகல், அந்தப் பக்கம் பாதிப் படம் கும்மிருட்டு. மேல்மலையனூர் அமாவாசைக்குப் போய் வந்தவர்கள்கூட இவ்வளவு இருட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த இருட்டில்தான் நீ நின்றாய். உனக்குப் பின்னால் அப்பா நின்றார். காலை ஒன்பது மணிக்கு அந்த இருட்டு எங்கிருந்து வந்தது?

நெகடிவை அனுப்பு. தூக்கிப் போட்டுவிட்டேன் என்று எழுதாதே. தேங்காய் நாரைக்கூடப் போடாமல் எடுத்து வைக்கிறவன் நீ.

ஜெயமதி


அருகன் துணை

திண்டிவனம்,
2.11.1983

அன்புத் தங்கை ஜெயமதிக்கு ஆசீர்வாதம்.

உடம்பு சரியில்லாததால் பதில் எழுத முடியவில்லை. அம்மாவின் கால் வீக்கத்துக்குக் கொள்ளுக் கஞ்சி நல்லது என்கிறாள் அண்ணி.

கல்யாணப் படத்தைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம். அதெல்லாம் தொழில் விஷயம், எழுதினால் விளங்காது.

மனதுக்கு ஆறுதலான செய்தி ஒன்று. ஸ்டுடியோ பரணில் பழைய நெகடிவ்களைத் தேடியபோது, ஸ்டுடியோ திறந்த புதிதில் அப்பாவை அவருக்குத் தெரியாமல் நான் எடுத்து வைத்த படம் ஒன்று கிடைத்தது. கொஞ்சம் மங்கியிருந்தது. ஒரு மாதம் உட்கார்ந்து சரிசெய்து, பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டுப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். முகத்தில் எத்தனை வேலை செய்திருக்கிறேன் என்று பார்த்தால் தெரியும். இதைப் பொத்தானால் செய்ய முடியாது. அம்மாவிடம் கொடுத்து, பாலன் அனுப்பினான் என்று சொல்.

அன்புடன்,
அண்ணன் பாலன்


விழுப்புரம்,
14.11.1983

அண்ணாவுக்கு,

பார்சல் வந்தது. கண்ணாடி உடையவில்லை.

ஸ்டுடியோ திறந்த புதிதில் எடுத்த படம் என்கிறாய். அப்போது அப்பாவுக்கு ஐம்பத்திரண்டு, ஐம்பத்துமூன்று வயது. படத்தில் தலை பஞ்சாக வெளுத்திருக்கிறது. மூக்கில் இருக்கிற கண்ணாடி போன வருஷம் இங்கே பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் நான் வாங்கிக் கொடுத்தது. நீ அதைக் கேட்டு எடுத்துக்கொண்டு போனது ஞாபகத்துக்கு என்றல்லவா நினைத்தேன்.

முதலில் எனக்கே ஒரு நிமிஷம் அப்பாதான் என்று தோன்றிவிட்டது, அதை ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் காதைப் பார்த்தேன். அப்பாவுக்கு இடது காதில் கடுக்கன் போட்ட ஓட்டை கிழிந்து தொங்கும். இந்தக் காதில் அது பென்சில் கோடு. உதட்டைப் பார்த்தேன். அப்புறம் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. நிலைக்கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, அப்பாவின் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துண்டைப் போட்டுக்கொண்டு, உன்னையே எடுத்து, உன் தலைக்கு வெள்ளை அடித்து, உன் கன்னத்தில் சுருக்கம் வரைந்து, அதை அப்பா என்று பெற்றவளுக்கே அனுப்புகிறாயே. துப்புவதற்கும் எனக்கு மனசு வரவில்லை. நீ எடுக்கிற எல்லா முகமும் ஒரே முகம் என்று நான் கிண்டலுக்குத்தான் எழுதினேன். அப்பாவையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டாய்.

நான் நல்ல போட்டோகிராபர் இல்லை. ஒருநாளும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. அப்பா சிரித்தபோது நான் எதிரில் இருந்தேன், என் கையில் கேமரா இருந்தது, அவ்வளவுதான். நீ வித்தை தெரிந்தவன். வித்தை தெரிந்து என்ன செய்தாய் என்று சொல்.

அம்மாவிடம் நான் யார் அனுப்பியது என்று சொல்லவில்லை, யார் படம் என்றும் சொல்லவில்லை. மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் என்னிடம், "ஏண்டி, நம்ம பாலன் ஏன் இப்பிடி கெழவனாட்டம் ஆய்ட்டான்? ஒடம்புக்கு என்னாவாம்? எழுதிக் கேளு" என்றாள்.

கேட்டுவிட்டேன். நெகடிவ் எந்த நிலைமையில் இருந்தாலும் அனுப்பு.

ஜெயமதி


திண்டிவனம்,
11.12.1983

ஜெயமதி,

எழுதி எழுதிக் கிழித்ததில் இது ஐந்தாவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அம்மாவிடம் சொல்.

கல்யாணத்தில் நான் எடுத்த நாலு ரோலையும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகக் கழுவினேன். உன்னை இன்னும் என்னென்ன சொல்லித் திட்டி எழுதலாம் என்று யோசித்துக்கொண்டே செய்தேன். படத்தை வரவழைக்கிற மருந்தில் முதலில் இறக்க வேண்டும், அப்புறம்தான் வந்த படத்தை நிலைக்க வைக்கிற ஹைப்போ. நான் முதலிலேயே ஹைப்போவில் இறக்கிவிட்டேன். விளக்கைப் போட்டால் நாலும் ஜன்னல் கண்ணாடி மாதிரி இருக்கிறது. நேற்று சேர்ந்த பையன்கூடச் செய்யமாட்டான். இருபத்தைந்து வருஷம் என்று உன்னிடம் அடித்துக்கொண்டவன் செய்தேன். அன்றைக்கே மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆல்பம் எப்போது என்று ஆள் வந்துவிட்டது. உனக்கு அநேக ஆசீர்வாதம் எழுதியது அதற்கு இரண்டு நாள் கழித்து.

நீ எடுத்ததில் முகூர்த்தப் படம் அது ஒன்றுதான் தெளிவு. அதில் நானே கேமராவோடு நிற்கிறேன். நான் நிற்கிற படத்தை நான் எடுத்ததாக எப்படிக் கொடுப்பது? பிளேடு முனையால் நெகடிவைச் சுரண்டினால் அந்த இடம் பிரதியில் கறுப்பாக விழும். நீ கேட்ட இருட்டு அதுதான்.

சுரண்டுவதற்கு முன்னால் பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அப்பா எனக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார் என்று எழுதினாய். எதை எட்டிப் பார்த்தார் என்று நீ எழுதவில்லை, உனக்குத் தெரிந்திருக்காது. மணமக்களை இல்லை. என் கேமராவுக்கு மேலே கண்ணாடி இருக்கிறதே, குனிந்து படத்தைப் பார்க்கிற கண்ணாடி, அதற்குள் பார்க்கிறார். பத்மாவும் மாப்பிள்ளையும் அதற்குள் சின்னதாகத் தெரிவதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார். என் வாசலை ஒருநாள் மிதிக்காதவர் நான் பார்ப்பதைப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி சிரிக்கிறார். வலது கை என் தோள்மேல் இருக்கிறது. நாலு விரலும் தெரிகிறது.

நான் இத்தனை வருஷத்தில் எடுத்த ஆயிரம் ஆயிரம் படத்தில் அதற்கு ஈடாக ஒன்று கிடையாது. அதை நீ எடுத்தாய், அந்த டப்பாவில். வித்தை தெரிந்து என்ன செய்தாய் என்று கேட்டாயே. அது யார், என்ன என்று நன்றாகத் தெரிந்த பிறகும் சுரண்டினேன். என்னை மட்டும் எடுக்கப் பார்த்தேன், முடியவில்லை. கை என்மேல் இருந்தது, முகம் என் முகத்தோடு ஒட்டியிருந்தது. இரண்டு பேரையும் எடுத்தேன். சுத்தமான வேலை. தாலிக் கயிற்றில் ஒரு கீறல் இல்லை.

நெகடிவ் இத்துடன் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துத் தேடாதே, ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்கும் அக்காவுக்கும் உண்மையை எழுதிவிட்டேன்.

இன்னும் ஒன்று. தோளில் கை விழுந்தது எனக்கு அன்றைக்கே தெரியும். யாரோ கூட்டத்தில் கை வைக்கிறார்கள் என்று நினைத்தேன். கேமரா ஆடியது. நீ பொத்தானை அழுத்தியது அந்தக் கணத்தில்தான் இருக்க வேண்டும். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "யாருய்யா அது, கைய எடு" என்றேன்.

எடுத்துவிட்டார்.

பாலன்